காரைக்குடி பழம்பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு பட்டாளத்தார் மகனின் மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரிந்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம் முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் வந்து, தேக்குத் தூணையும் பீங்கான் சாடியையும் ஏறெடுத்தும் பார்க்காமல், மூலையில் கிடக்கும் இரும்புச் சாமான் கூடையைக் கிளறிவிட்டு நூறு ரூபாய்க்கு எதையாவது வாங்கிப் போகிற ஆள் நான்தான். "வந்துட்டாருய்யா மிலிட்டரி" என்று ஒரு முறை யாரோ சொன்னது என் காதிலும் விழுந்தது. தப்பில்லை. அப்பா மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவர். எங்கள் வீட்டுக்கு இன்றைக்கும் பட்டாளத்தார் வீடு என்றுதான் பெயர்.

போன தை மாதம் ஒரு கடையில் (எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை) பழைய ஓலைக் கொட்டான் (கூடை) ஒன்றில் பூட்டு, குழாய்த் திருகு, பித்தளைக் கொக்கி எல்லாம் கிடந்தன. அடியில் ஒரு சாவிக்கொத்து. சாவிகளோடு சேர்த்து ஒரு மெடலையும் கம்பியில் கோத்திருந்தார்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஒருவன், ஓரங்களில் 1914, 1918. முதல் உலகப் போருக்குப் பிறகு சிப்பாய்களுக்குக் கொடுத்த வெள்ளி மெடல். ரிப்பன் இல்லை. பளபளவென்று இருந்தது. கடைக்காரத் தம்பி பெருமையாகச் சொன்னார்: "நல்லா பிராஸோ போட்டுத் தேச்சு வச்சிருக்கேன் சார். மங்கலா இருந்தா வெளிநாட்டுக்காரங்க வாங்க மாட்டாங்க."

நான் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். அந்த மெடலில் ராஜா தலைக்கு ஒரு மதிப்பும் இல்லை. லட்சக்கணக்கில் ஒரே அச்சில் அடித்தது. ஆள் இருப்பது விளிம்பில். விரல் நகம் அகலம்கூட இல்லாத அந்த ஓரத்தில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாவற்றையும் பொறித்துத்தான் கொடுத்தார்கள். தம்பி தேய்த்த தேய்ப்பில் எண்ணின் முதல் இரண்டு இலக்கமும், பெயரின் கடைசியில் 'சாமி'யும் மட்டும் மிச்சம். முத்துச்சாமியா, ராமசாமியா, கருப்பசாமியா? நம் பக்கம் 'சாமி'க்கா பஞ்சம்?

எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன். "மொத்தமா லாட்டா எடுத்தது சார், ஞாபகம் இல்லை."

இந்த மடல் அந்தப் பதிலைப் பற்றித்தான்.

நீங்கள் வீடு இடிக்கும் இடத்துக்குப் போகிறீர்கள், பங்காளிகள் பங்கு பிரிக்கும்போது போகிறீர்கள். பெட்டகத்தில் இருப்பதை எடைக்கும் எண்ணிக்கைக்கும் பேசி வண்டியில் ஏற்றுகிறீர்கள். தொழில் அது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வாசலில் நிற்கிற ஐந்து நிமிடம்தான் பொருளும் அதன் கதையும் கடைசியாகச் சேர்ந்து இருக்கிற நேரம். வண்டி கிளம்பிவிட்டால் பொருள் உங்களிடம், கதை அவர்களிடம். அப்புறம் இரண்டையும் யாராலும் சேர்க்க முடியாது.

செட்டிநாட்டில் மிலிட்டரிச் சாமான் எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்பார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்களின் நாடு இது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த குடும்பங்களை 1942-இல் போர் தூக்கி எறிந்தது. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்து வந்தார்கள். அவர்கள் பெட்டிகளில் ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டுகள் இன்னும் இருக்கின்றன. 'பி' என்ற ஆங்கில எழுத்துப் போட்ட பர்மா ரூபாய், வாழைமரம் போட்ட மலாயா பத்து டாலர். உள்ளூரிலேயே செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைப் பக்கம் அந்தக் காலத்து விமான ஓடுதளம் கிடக்கிறது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களைச் சொல்லவே வேண்டாம்.

இதில் ஒரு விஷயம் எனக்கு மனசு ஆறவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவருக்காவது மெடல் என்று ஒரு உலோகம் மிஞ்சியது. மலாயாவிலும் பர்மாவிலும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். தோட்டத் தொழிலாளிகள், கடைக் கணக்கப்பிள்ளைகள், ஜான்சி ராணி படையில் சேர்ந்த பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் உலோகம் ஏதும் இல்லை, காகிதம்தான். சிறைச் சான்று, கூட இருந்த கைதி எழுதிக் கொடுத்த சான்று, 1972-இல் மத்திய அரசு தியாகி பென்ஷன் கொண்டுவந்த பிறகு எழுதிய மனுக்களின் நகல். நீங்கள் லாட்டில் முதலில் கழித்துப் போடுவது எது? அந்தக் காகிதக் கட்டுதான். நேராகப் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

உங்களை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க நினைக்கவில்லை. அப்பா இறந்த பிறகு அவருடைய கருப்பு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தோம். மூடியில் வெள்ளைப் பெயின்டில் எண்ணும் பெயரும். உள்ளே 1971 போருக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார், டிஸ்சார்ஜ் புக், ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டர். மெடலையும் புக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கடிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டது நான்தான். முகவரியில் '56 ஏபிஓ' என்று ராணுவத் தபால் நிலைய எண்தான் இருக்கும், எந்த ஊர் என்று எழுதவும் விடமாட்டார்கள், இதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். மேற்கு எல்லையில் இருந்தார் என்று அந்த நட்சத்திரம் சொல்கிறது. மேற்கில் எங்கே? அந்த டிசம்பரில் குளிர் எப்படி இருந்தது, குடிக்கிற தண்ணீர் உப்பா, கண்ணுக்கு எட்டியவரை மணலா கோதுமை வயலா என்று அம்மாவுக்கு எழுதியிருப்பார். அதை வைத்தே பாதி கண்டுபிடித்திருக்கலாம். கிலோ என்ன விலைக்குப் போட்டேன் என்பதுகூட இப்போது ஞாபகமில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. லாட் எடுக்கும்போது பட்டாளச் சாமான் ஏதாவது தென்பட்டால், வீட்டில் வயதானவர் யார் இருக்கிறாரோ அவரிடம் இது யாருடையது, எந்த ஊர், எங்கே இருந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வாயால் வருகிறபடியே போனில் ரெக்கார்டு செய்துகொள்ளுங்கள், இரண்டு நிமிடம் போதும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பொருளோடு கட்டிவிடுங்கள். மூன்று மெடல் ஒரே பட்டையில் இருந்தால் தனித்தனியாகப் பிரிக்காதீர்கள். பிராஸோ வேண்டாம், புளியும் வேண்டாம், அழுக்கோடு இருக்கட்டும். காகிதத்தைக் கழிக்காதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். தோட்டா, குண்டு மாதிரி எதையாவது கண்டால் மட்டும் தொடாமல் போலீஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டியதுதான். இப்போது நகல் மெடல் தாராளமாகக் கிடைக்கிறது. ஒரிஜினலைப் பத்திரமாக வைத்துவிட்டு, சட்டையில் குத்திக்கொள்வதற்கு நகல் செய்துகொண்ட சிப்பாய்களும் உண்டு. வாங்க வருகிறவன் முதலில் சந்தேகப்படுவான். இன்ன ஊர், இன்னார் வீடு, இன்ன எண் என்று சீட்டு இருந்தால் நீங்கள் வாதாட வேண்டியதில்லை. எண் கிடைத்தால் நான் தேடித் தருகிறேன். உலகப் போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் பார்க்கலாம். ரங்கூன் பக்கத்தில் தவுக்கியான் கல்லறையில் நிற்கும் நினைவுச் சின்னத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் இருக்கின்றன, கல்லறை இல்லாமல் போனவர்களின் பெயர்கள். இன்னொன்று, நூறு வருடம் தாண்டிய பொருள் 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். வரலாற்று மதிப்புள்ள காகிதம் என்றால் 75 வருடமே போதும். அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தனி ஆள் யாருக்கும் அனுமதி இல்லை. அந்த 1914 மெடலை வெளிநாட்டுக்காரருக்கு என்று பளபளப்பாக்கி வைத்த தம்பிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

கடைசியாக ஒரு பொருளைப் பற்றி. தேவகோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு அப்பத்தா இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டுக்காரருடைய ஆர்மி நம்பரைக் கேட்டால் மூச்சு விடாமல் சொல்கிறார், பென்ஷன் ஆபீஸில் சொல்லிச் சொல்லி மனப்பாடம். வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த அலுமினிய மெஸ் டின்னில்தான் (சிப்பாய்களின் சாப்பாட்டுப் பாத்திரம்) நாற்பது வருடம் உலைக்கு அரிசி அளந்ததாகச் சொன்னார். "அரைப்படிக்கு ஒரு பிடி கம்மி. அவரு இருந்தவரைக்கும் அந்த ஒரு பிடியைக் கையால அள்ளிப் போடுவேன். அவரு போனதுக்கப்புறம் அளவு சரியாப் போச்சு." வீடு மாறும்போது பிள்ளைகள் பழைய சாமானோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கடைகளில் ஒன்றுக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

நீள்சதுரம், மூலை மழுங்கியது, மடக்குக் கைப்பிடி, ஒரு பக்கம் ஆழமாக நசுங்கியிருக்கும். அடியில் ஆணியால் கீறிய எண், முதல் இலக்கம் 2, கடைசி இலக்கம் 7. நடுவில் இருப்பதை நீங்கள் படித்துச் சொன்னால் அப்பத்தாவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறேன். விலை நீங்கள் சொல்வதுதான். சனிக்கிழமை வருகிறேன்.

இப்படிக்கு,
இரும்புக் கூடையைக் கிளறும் மிலிட்டரி