கட்டடப் பாதுகாப்பு படிக்க நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பி.ஆர்க். முடித்ததும் மரபுக் கட்டடப் பாதுகாப்பு படிக்கலாமா, படித்தால் வேலை உண்டா என்று கேட்டிருந்தாய். எங்கே படிப்பது என்பது சுலபமான பகுதி. டெல்லி, போபால் எஸ்.பி.ஏ.க்களில் (மத்திய அரசின் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரிகள்) அதற்கான இரண்டாண்டு எம்.ஆர்க். முதுகலைப் படிப்பு இருக்கிறது. அதற்குக் கேட் (GATE) நுழைவுத் தேர்வில் கட்டடக்கலைத் தாள் எழுத வேண்டும். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலும் உண்டு, அங்கே சேர்க்கை முறை தனி. செப்புத் திருமேனி, ஓவியம் போன்றவற்றைக் காப்பது வேறு படிப்பு. அதற்கு வேதியியல் வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆய்வுக்கூடம் 1930 முதல் அந்த வேலையைச் செய்துவருகிறது.

தூணும் சிற்பமும் பிடித்துப்போய் இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் அதிகம். வந்ததும் பழைய வீட்டை அளக்கச் சொல்லிக் கையில் டேப்பைக் கொடுப்பார்கள். பழைய வீட்டில் எந்த மூலையும் நேர்மூலை என்று நம்பாதே; ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூலைவிட்டமும் எடு. சுவரைத் துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழையும் சேர்ந்து கூடும். டேப்பின் ஒரு முனையை அசைக்காமல் தொடர் அளவாக எடு. உயரத்துக்கு, தண்ணீர் நிரப்பிய ரசமட்டக் குழாயால் வீடு முழுக்க ஒரே மட்டத்தில் கோடு போட்டு, அதிலிருந்து மேலும் கீழும் அள. லேசர் ஸ்கேனர் வந்துவிட்டதே என்பாய். விரிசல் எங்கே என்று அது காட்டும், ஏன் என்று சொல்லாது.

அந்த ‘ஏன்’ பெரும்பாலும் தண்ணீரில் போய் முடியும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், தரையின் ஈரத்தை உறிஞ்சிப் பூச்சு வழியாக வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் உயரே ஏறும்; கூட வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கலைப் பொடியாக்கும். பூச்சு பொரிந்ததைப் பார்த்த மேஸ்திரி இன்னும் கெட்டியாகச் சிமெண்ட் பூசுவார். மர விட்டங்களின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் கூரையிலும் இதே கதைதான். விட்டத்தின் நடுப்பகுதி திடமாக இருக்கும். ஈரச் சுவருக்குள் புதைந்த முனை உளுத்திருக்கும். கூரான கம்பியால் குத்திப் பார்த்தால்தான் தெரியும்.

சுண்ணாம்பைக் கையால் கலந்து பழகு. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி, மேலே தண்ணீர் நிற்கும்படி வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். நீறாத துணுக்கு உள்ளே தங்கினால், பூசிய பிறகு அது நீறி வீங்கிச் சுவரில் சில்லு தெறிக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது தொடக்கக் கணக்கு. மணலைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்து மெல்ல இறுகும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மாவாய் உதிரும். அதனால் ஈரச்சாக்கு போட்டுக் காக்க வேண்டும். ‘சீக்கிரம் இறுகக் கொஞ்சம் சிமெண்ட்’ என்று தளத்தில் யாராவது கேட்பார்கள். கேட்காமலும் சேர்ப்பார்கள்.

இனி வேலை. தொல்லியல் துறைப் பணிகளுக்கான அறிவிப்பு எப்போதாவதுதான் வரும். அதை மட்டும் நம்பி உட்காராதே. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களிலும் இன்டாக் (மரபுக் காப்புக்கான தேசிய அறக்கட்டளை) போன்ற அமைப்புகளிலும் மரபுக் கட்டடங்களைப் பட்டியலிடுதல், சேத அறிக்கை, மதிப்பீடு, தளக் கண்காணிப்பு என்று வேலை இருக்கிறது. கோயில் திருப்பணிகளுக்கும் ஆவணமும் வல்லுநர் கருத்தும் தேவைப்படுகின்றன. மணல் வீசிக் கல்லைச் சுத்தம் செய்து உளிவேலையைத் தேய்த்த காலத்தின் விளைவு அது. சட்டம் தெரிந்தவர்களுக்கும் இடமுண்டு. தொன்மைச் சின்னங்களுக்கான 1958 சட்டத்தின் 2010 திருத்தப்படி, மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பங்களைத் தயாரிப்பதே தனித் தொழில். சிவில் படித்த தோழிகள் இருந்தால், மரபுக் கட்டடங்களின் உறுதியை ஆராயும் மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் இருப்பதைச் சொல். தொடக்கச் சம்பளம் புதுக்கட்டட அலுவலகங்களைவிடக் குறைவாகவே இருக்கும். வீட்டில் இப்போதே சொல்லிவை.

கேட் தேர்வு பிப்ரவரியில். அதற்குள் உன் தெருவில் ஒரு பழைய வீட்டை அளக்க அனுமதி கேட்டு, தரைப்படமும், வீட்டை நெடுக்காக வெட்டிப் பார்ப்பதுபோல ஒரு வெட்டுப்படமும் வரை. செப்டம்பரில் ஈரத்தின் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துத் தேதி போடு. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் மறுபடி குறி. இரண்டையும் ஒரே தாளில் வரைந்து அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா