பொதுத்தமிழ் வகுப்பில் ஒரு பக்கமாவது சொந்தமாக எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை, அறிவியல் கல்லூரிகளில் முதலாண்டுச் சேர்க்கை நடக்கும் நேரம் இது. எந்தப் பாடப்பிரிவுக்குப் போட்டி அதிகம், கட்-ஆஃப் எவ்வளவு என்று தினமும் செய்தி வருகிறது. பி.காம். ஆனாலும் இயற்பியல் ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் சேர்ந்து படிக்கப் போகும் பாடம் ஒன்று உண்டு. பகுதி ஒன்று, பொதுத்தமிழ். அதைப் பற்றி யாரும் பேசக் காணோம். அதனால் நான் எழுதுகிறேன்.

நான் தமிழாசிரியை இல்லை. தென் மாவட்டத்து ஊர் ஒன்றில், அரசுக் கல்லூரிக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ், டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். பி.காம். படித்தவள், தமிழ் தட்டச்சில் ஹையர் முடித்தவள். பகலில் மாணவர்களின் அசைன்மென்ட், பிராஜெக்ட், ஹால் டிக்கெட். ஞாயிறு மாலையில் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால், முந்தின நாளே மனு டைப் அடிக்க வந்துவிடுவார்கள். கல்லூரித் தமிழும் கலெக்டர் ஆபீஸ் தமிழும் என் ஒரே கம்ப்யூட்டரில்தான் ஓடுகின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறவள் என்ற ஒரே தகுதியில்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் அசைன்மென்ட். சில வருடங்களுக்கு முன்புவரை கைடைப் பார்த்து எழுதிவந்து கொடுப்பார்கள். முன்னுரை, உள்தலைப்புகள், முடிவுரை என்று ஒரே அச்சு. எந்தத் தலைப்பானாலும் கடைசி வரி ‘இவ்வாறாக நாம் அறிய முடிகிறது’ என்று முடியும். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. “அக்கா, அப்படியே பிரிண்ட் போட்டுருங்க” என்பார்கள். திறந்து பார்த்தால் முதல் வரியே, ‘நிச்சயமாக! நீங்கள் கேட்ட கட்டுரை இதோ’. தலைப்புகளின் இரு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறி. கடைசியில், ‘வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?’ இதைக்கூட எடுக்காமல் கேட்கும் பிள்ளைகளிடம், “தம்பி, இதையாவது ஒரு தடவை படிச்சியாப்பா?” என்று கேட்டால் சிரிப்பார்கள். நட்சத்திரங்களை நான்தான் உட்கார்ந்து எடுக்கிறேன். சாட்ஜிபிடியைக் குறை சொல்லிப் பயனில்லை. கைடு செய்த வேலையை அது இன்னும் வேகமாகச் செய்கிறது, அவ்வளவுதான். பிள்ளை எழுத வேண்டியதை வேறு யாரோ எழுதுவது நம் கல்லூரிகளில் எப்போதோ வழக்கமாகிவிட்டது.

சரி, இப்போது ஒரு மனுவைச் சொல்கிறேன். போன வருடம் பி.காம். மூன்றாமாண்டுப் பையன் ஒருவன் வந்தான். அவன் ஆச்சிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. ஒரு பக்கம் முழுக்க எழுதி வந்திருந்தான். கையெழுத்து மணிமணியாக இருந்தது, பிழையும் அதிகமில்லை. ‘சமூகம் உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு’ என்று தொடங்கி, ஆச்சி மிகவும் ஏழை, ஆதரவற்றவர், தாங்கள் கருணை உள்ளம் கொண்டவர், ஏழைகளின் விடிவெள்ளி, ஆவன செய்யுமாறு பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன் என்று போனது. எந்த மாதத்திலிருந்து பணம் வரவில்லை என்று அதில் இல்லை. எந்த வங்கி, உதவித்தொகை ஆணையின் எண் என்ன, வி.ஏ.ஓ.வையோ தாலுகா அலுவலகத்தையோ ஏற்கெனவே பார்த்தார்களா, எதுவும் இல்லை.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். பாஸ்புக் நகல்கூடச் சட்டைப் பையில் இருந்தது. தாலுகாவில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் போய்ப் பார்த்ததும், அவர் சொன்ன பதிலும் தேதியோடு நினைவிருந்தது. இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஏன் எழுதவில்லை என்றதற்கு, “அதெல்லாம் எழுதணுமாக்கா?” என்றான். அரைப் பக்கத்தில் மனு முடிந்தது. விடிவெள்ளியை எடுத்துவிட்டேன்.

இந்தப் பையன் பொதுத்தமிழில் நல்ல மார்க் வாங்கியவன். அவனுடைய பாடத்தில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை இருந்தது. ‘கண்ணகி வழக்குரைத்த திறம்’ என்ற கட்டுரையைப் பரீட்சையில் எழுதியிருக்கிறான். எனக்குக் கோபமெல்லாம் இங்கேதான் வருகிறது. அசைன்மென்டாக அடித்து அடித்தே அந்தப் பகுதி எனக்கு மனப்பாடம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர்களெல்லாம் படிக்க வேண்டிய பகுதி அது. ‘யார் நீ’ என்று பாண்டியன் கேட்கிறான். கண்ணகி அழுது புலம்பிக்கொண்டே உள்ளே வந்தவள்தான். ஆனால் பேசத் தொடங்கியதும் என்ன வரிசையில் சொல்கிறாள் என்று பாருங்கள். என் ஊர் புகார். அது நீதி தவறாத அரசர்கள் ஆண்ட ஊர். மாசாத்துவான் மகன் பிழைப்புத் தேடி உன் நகருக்கு வந்தான். என் கால் சிலம்பை விற்க வந்தவன், உன்னால் கொலைக்களப்பட்டான். அந்தக் கோவலனின் மனைவி நான், என் பெயர் கண்ணகி. ஊர், குடும்பம், வந்த காரணம், நடந்த அநியாயம், கடைசியில் மனுதாரரின் பெயர். ‘கள்வனைக் கொல்லுவது கொடுங்கோல் இல்லை’ என்று அரசன் சட்டம் பேசியதும் அவள் சாபம் விடவில்லை. சாட்சியத்துக்குப் போகிறாள். என் சிலம்பின் பரல், அதாவது உள்ளே ஒலிக்கும் கல், மாணிக்கம் என்கிறாள். எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொல்கிறான். சிலம்பு உடைகிறது, வழக்கு முடிந்தது. அரசனைப் பார்த்து அவள் முதலில் சொன்ன வார்த்தை ‘தேரா மன்னா’, ஆராய்ந்து பார்க்காத மன்னனே என்று. நம் பையனோ ‘பாதம் பணிந்து’ என்று எழுதுகிறான்.

இதைப் படித்த பிள்ளைக்கு ஆச்சியின் மனுவை எழுத வராமல் போனதற்குக் காரணம் பிள்ளை இல்லை. செய்யுள் ஓர் அலகில் இருக்கிறது. விண்ணப்பம், கடிதம் எழுதுவது, இருந்தால், கடைசி அலகில் ‘மொழித்திறன்’ என்ற பெயரில் சந்திப்பிழையோடு சேர்ந்து கிடக்கிறது. செமஸ்டர் முடியும் அவசரத்தில் அதை ஒரு மணி நேரத்தில் ஓட்டிவிடுவார்கள். கண்ணகி பேசியதும் ஒரு மனுதான் என்று வகுப்பில் சொன்னதாக என் கடைக்கு வரும் ஒரு பிள்ளைகூடச் சொல்லக் கேட்டதில்லை. புறநானூற்றில் பெருஞ்சித்திரனார் இருக்கிறார். அதியமான் தன்னை நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்பியபோது, ‘நான் வாணிகப் பரிசிலன் அல்லேன்’, பொருளுக்காகப் பாட்டை விற்கிறவன் இல்லை என்று திருப்பிவிடுகிறார். தினையளவு கொடுத்தாலும் தகுதி அறிந்து கொடுங்கள் என்கிறார். வேண்டாம் என்பதை மரியாதை குறையாமல் எழுதுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? நம் பிள்ளைகளுக்கு அது ஐந்து மதிப்பெண் வினா. திணை, துறை எழுதினால் போதும்.

2023-இல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தபோது நிறையச் சண்டை நடந்தது. கல்லூரிகளின் தன்னாட்சி என்னாவது, எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்று பேராசிரியர்கள் பேசினார்கள். அந்தச் சண்டை அவசியமாகவே இருக்கட்டும். ஆனால் பாட்டை மாற்றிப் பாட்டு வைத்தாலும் தேர்வில் கேட்கிற கேள்வி ‘விளக்குக’ என்றுதான் இருக்கும், கைடும் ஒரே மாதத்தில் வந்துவிடும். கைடு எப்போது வருகிறது என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? பொறியியல் மாணவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் 2022 முதல் தமிழர் மரபு என்று ஒரு தாள் வைத்திருக்கிறது. நல்லதுதான். அதிலும் நடுகல், நாட்டுப்புறக் கலை, திணை என்று தெரிந்துகொள்ளும் விஷயங்கள்தான் இருக்கின்றன, எழுதிப் பழகுவது இல்லை.

வேலைக்குப் போகும்போதுதான் விஷயம் உறைக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாள் உண்டு. சுருக்கி வரையவும் அலுவல் கடிதம் எழுதவும் அதில் கேட்கிறார்கள். கல்லூரியில் வருடக்கணக்கில் தமிழ் படித்த பட்டதாரி, அதற்கென்று தனியாகக் கோச்சிங் சென்டரில் பணம் கட்டுகிறார். அந்த சென்டரின் நோட்ஸையும் நான்தான் ஜெராக்ஸ் போடுகிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பொதுத்தமிழுக்கு எழுத்துத் தேர்வு 75, அக மதிப்பீடு 25. அந்த இருபத்தைந்தில் வீட்டிலிருந்து கொண்டுவரும் அசைன்மென்டுக்கான மார்க்கை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் வகுப்பிலேயே, போனைப் பையில் வைத்துவிட்டு, ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தலைப்பு ‘தாய்மையின் மேன்மை’ என்று இருக்கக் கூடாது. உன் தெருவில் தண்ணீர் வராததைப் பற்றி நகராட்சிக்கு எழுது. உன் ஊர்த் தேரோட்டத்தைப் பார்க்காதவனுக்கு எழுது. கண்ணகியின் வழக்கைப் பாண்டியன் பக்கம் நின்று எழுது. ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுக்கட்டும். திருத்தியதைப் பார்த்து அதே பக்கத்தை அதே பிள்ளை இன்னொரு முறை எழுதட்டும். மார்க் இரண்டாவது பக்கத்துக்கு.

ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும். எதிரே தேநீர் குடிக்க வரும்போது சொல்லக் கேட்டிருக்கிறேன். பொதுத்தமிழ் என்றால் இரண்டு மூன்று துறைப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே ஹாலில் உட்கார வைப்பதுண்டு. நூற்றிருபது தாள், தாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் பத்து மணி நேரம். இருமுறை திருத்தினால் இருபது. தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் அதைக் கேட்பது அநியாயம்தான். அதனால் இந்தக் கோரிக்கை அவர்களுக்கு மேலே இருப்பவர்களுக்கு. பொதுத்தமிழ் வகுப்பை வணிகவியல், கணினி வகுப்புகளின் அளவுக்காவது பிரித்துக் கொடுங்கள். திருத்தும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் சேருங்கள். ஆண்டு முழுக்க முடியாவிட்டால் முதல் செமஸ்டரில் மட்டும் செய்து பாருங்கள். முதல் வகுப்பு வாங்குவதற்குப் பகுதி மூன்றின், அதாவது அவரவர் முதன்மைப் பாடத்தின், மார்க்கைத்தான் பார்க்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். பொதுத்தமிழில் பாஸ் ஆனால் போதும் என்று அவர்கள் நினைப்பதில் தப்பில்லை. திருத்திய பக்கம் ஒன்று கைக்குத் திரும்பி வந்தால் அந்த நினைப்பு மாறும் என்பது என் எண்ணம்.

இதனால் என் கடைக்கு அசைன்மென்ட் வருமானம் குறையும். மனு வருமானமும் குறையலாம். பரவாயில்லை, ஹால் டிக்கெட் இருக்கிறது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.