பக்கவிளைவே இல்லாத ஊசியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில், பாலிமர் என்னும் நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளால் ஆன நானோ துகள்கள் துளியும் பக்கவிளைவின்றி மரபணுவை உடலுக்குள் கொண்டு சேர்க்கும் என்று அச்சிட்டிருந்தீர்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள்? எலிகளையா?

பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் செல் வளர்ப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாலிஎத்திலீன்இமைன் என்ற பாலிமர் 1995 முதலே இந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பது தாங்கள் அறியாததல்ல. அதன் நேர்மின்சுமை, எதிர்மின்சுமை கொண்ட டிஎன்ஏவை இறுகப் பற்றிப் பொட்டலமாக்குகிறது. அளவு சற்றுக் கூடினால் அதே மின்சுமைதான் செல்லின் சவ்வையும் குலைக்கிறது. மாலையில் தட்டோடு ஒட்டிப் படர்ந்திருந்த செல்கள் மறுநாள் காலை உருண்டு திரண்டு மிதக்கும். எஞ்சியவற்றில் சில, புது மரபணு வேலை செய்வதற்கு அடையாளமாகப் பச்சையாக ஒளிரும். அறிக்கைக்குப் போவது அந்தப் பச்சைப் படம். தங்களுக்கு வந்து சேர்ந்ததும் அது மட்டும்தான் போலும்.

படம் என்றதும் இன்னொன்று. தங்கள் ஓவியர் வழக்கம்போல் டிஎன்ஏவை இடப்பக்கமாக முறுக்கியிருக்கிறார். அது வலப்பக்கம் முறுக்கியது என்று முன்பே எழுதினேன். கடிதமும் அச்சில் வரவில்லை, முறுக்கும் மாறவில்லை. பைசர், மாடர்னா தடுப்பூசிகளில் இருந்த கொழுப்புத் துகளைப் பாலிமர் என்று போட்டபோதும் எழுதினேன். ராசிபலனில் ஒரு ராசி விடுபட்டால் மட்டும் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறீர்கள்.

இதனால் யாருக்கு என்ன கேடு என்பீர்கள். அல்சூரில் எங்கள் தெருவில், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோய் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். அவன் அம்மா அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்து, "அக்கா, இந்த ஊசியை எந்த ஆஸ்பத்திரியில் போடுகிறார்கள்?" என்று கேட்டாள். அவள் படித்திருக்க வேண்டிய செய்தி வேலூரில் இருந்தது. அங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர்கள் ஹீமோபிலியா ஏ நோயாளிகள் ஐவருக்குச் சோதனை முறையில் மரபணு சிகிச்சை அளித்த முடிவுகள் 2024 டிசம்பரில் வெளிவந்தன. அங்கும் மரபணுவைச் சுமந்தது பாலிமர் அல்ல, லென்டிவைரஸ் என்ற ஒரு வகை வைரஸ். நோயாளியின் ரத்த மூலச் செல்களை வெளியே எடுத்து, மரபணுவை ஏற்றி, திரும்பச் செலுத்தினார்கள். அதற்குத் தாங்கள் ஒதுக்கிய இடம் நகைக்கடை விளம்பரத்துக்கு அடியில் ஒரு மூலை.

தங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? ஆய்வு நடந்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா என்று தலைப்புக்குக் கீழே ஒரு வரி போடுங்கள், போதும். இடம் போதாது என்றால் அந்த டிஎன்ஏ படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
அல்சூர், பெங்களூரு.