திருகோணமலை திகில், விஞ்ஞானப் புனைகதை ரசிகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள், வராமல் இரவு வட்ஸ்அப்பில் இதை வாசிக்கப் போகும் மற்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

யாப்பின்படி செயலாளர் வருஷத்துக்கு ஒருமுறை அறிக்கை வாசிக்க வேண்டும். போன வருஷம் நீளம் கூடிவிட்டது என்றார்கள். இந்த முறை சுருக்கமாகத்தான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் பிறகு வேறு யாரோ வேறு மாதிரிச் சொல்லுவார்கள்.

மாதாந்தக் கூட்டங்கள் நடந்தன, மாரி மழையில் நடக்காமல் போனவை தவிர. ஜனவரியில் மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் வாசிப்பு. 1818 இல் ஆசிரியர் பெயரே போடாமல் வந்த புத்தகம், எழுதத் தொடங்கும்போது அவருக்கு 18 வயது. நம்மிடம் உள்ள பேய்க் கோஷ்டியும் விண்வெளிக் கோஷ்டியும் ஒரே பாயில் உட்கார்ந்தது அன்றைக்கு மட்டும்தான். மார்ச்சில் சுஜாதாவுக்கும் ஆர்தர் சி. கிளார்க்குக்கும் சேர்த்து ஒரே நினைவுக் கூட்டம். 2008 இல் சுஜாதா பெப்ரவரி 27, கிளார்க் மார்ச் 19 என்று ஒரு மாதத்துக்குள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். கிளார்க் 1956 இல் சுவாமிமலையின் கீழே சுழியோடி, பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டதை இங்கே பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். அவர் எழுதிய கதை ஒன்றையாவது வாசித்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றபோது எழுந்த கைகளைப் பற்றி அறிக்கையில் எழுத வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். சரி. ஏப்ரலில், 1942 இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்ப்பதாக இருந்தது. புதர் மூடிக் காட்டுக்குள் நிற்கிற அந்தத் தாங்கிகளைவிட நல்ல விஞ்ஞானப் புனைகதை செட் யாருக்குக் கிடைக்கும்? அனுமதி கிடைக்கவில்லை. கன்னியாவுக்குப் போய் வெந்நீர்க் கிணற்றில் குளித்துவிட்டு வந்தோம்.

இனி ஆடி மாதத் திரையிடல். இதைப் பற்றி வட்டத்துக்குள் நிறையக் கதை நடந்திருக்கிறது, என்னிடம் நேரே யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

போட்டது முர்னா இயக்கிய நொஸ்பராத்து, 1922 இல் வந்த ஜெர்மன் மௌனப் படம், இரத்தக் காட்டேரிக் கதை. "சத்தமில்லாத படத்தை யார் பார்ப்பது, புதுசா ஒன்றை டவுன்லோட் பண்ணிப் போடலாமே" என்றார்கள். ஊர் ஆக்களைக் கூப்பிட்டுப் பொதுவில் போடுகிற படத்துக்கு உரிமை வேண்டும். நம் கையிருப்பில் உரிமை வாங்குவதென்றால் டிரெய்லருக்குக்கூடக் காணாது. நொஸ்பராத்துவுக்கு இன்றைக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் படமே உரிமை வாங்காமல் எடுத்ததுதான். டிராகுலாவின் பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டுக் கதையை அப்படியே எடுத்தார்கள். டிராகுலா நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், 1925 இல் பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது, எடுத்த கம்பனி அதற்கு முன்பே அந்த ஒரே படத்தோடு மூழ்கிவிட்டது. அழியாமல் தப்பிய பிரதிகளால்தான் படம் இன்றும் இருக்கிறது. இரத்தக் காட்டேரி வெயில் பட்டால் செத்துவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோமே, அது இந்தப் படம் கொண்டுவந்தது. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடந்து போகிறான். இதற்காக என்னோடு மூன்று நாள் சண்டை பிடித்த உறுப்பினருக்குப் புத்தகத்தைக் கையிலேயே கொடுத்தேன். புத்தகம் இன்னும் அவரிடம்தான்.

படத்துக்குப் பின்னால் சேர்க்கப்பட்ட இசைகளுக்குத் தனி உரிமைகள் இருப்பதால் நாமே வாசிப்பது என்று முடிவெடுத்தோம். ஒரு ஆர்மோனியம், ஒரு மிருதங்கம், ஒரு உடுக்கு. இடையில் வரும் எழுத்துகளைத் தமிழில் உரக்க வாசிக்க இரண்டு பேர். ஒத்திகை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நடந்தது. ஒத்திகைக்கு வந்த ரீயும் வடையும் எந்தக் கணக்கிலும் இல்லை, அதையும் சொல்லி வைக்கிறேன்.

நாள் குறிப்பதிலும் பிரச்சினை. பேய்ப் படம் என்றால் பௌர்ணமிதான் என்று ஒரு கூட்டம். வாடகை புரொஜெக்டரின் வெளிச்சம் நிலாவோடு போட்டி போடாது, அமாவாசையை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்றேன். ஆடி அமாவாசை அன்றா, பிதிர்க்கடன் செய்கிற நாளில் காட்டேரியா என்று ஒரு உறுப்பினரின் அம்மா கோபித்துக்கொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்து வந்த சனிக்கிழமை வைத்தோம். மண்டபம் ஒன்று முதலில் சம்மதித்து, படத்தின் போஸ்டரைப் பார்த்ததும் வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிவிட்டது. அதனால் கடற்கரை. கச்சான் காற்று அடிக்கிற காலம், தைத்த பெட்ஷீட் திரை பாய்மரம் மாதிரி உப்பியது, பக்கத்தில் தோணியில் இருந்த அண்ணன்மார் பழைய வலையைக் கொண்டுவந்து பின்னால் இழுத்துக் கட்டித் தந்தார்கள். யாரும் கூப்பிடாமல் வந்தவர்கள் அவர்கள். கூப்பிட்டவர்கள், வட்ஸ்அப்பில் நாற்பதுக்கு மேல் கட்டைவிரல் போட்டவர்கள், அவர்களில் வந்தவர்களை ஒரு ஓட்டோவில் ஏற்றியிருக்கலாம், இன்னும் இடம் மிஞ்சியிருக்கும்.

ஆனால் கூட்டம் இருந்தது. கடலை விற்றவர் வியாபாரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கப்டன் சுக்கானில் தன்னைக் கட்டிக்கொள்கிற இடத்தில் உடுக்கு அடிக்க வேண்டியவர் படத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்க மறந்துபோனார், அந்த இடம் அப்படியே விட்டதுதான் நன்றாக இருந்தது. பிறகு அந்தக் கப்பல் ஆளில்லாமல் துறைக்குள் வருகிறது. முன்வரிசையில் ஒரு ஐயா, "இப்படி நேரா வராது தம்பி, நீரோட்டம் இழுத்து எங்கேயாவது கல்லில் ஏத்திவிடும்" என்றார். நூறு வருஷமாகப் பெரிய விமர்சகர்கள் எழுதியிருப்பார்கள், துறைமுகத்து ஆள் ஒருவர் சொன்ன விமர்சனம் நம் வட்டத்துக்குத்தான் கிடைத்தது. படம் முடிந்ததும் அவர் கேட்டது: அடுத்தது எப்போ?

இதைத்தான் "செயலாளரின் சொந்த ஆசைக்கு வட்டத்தின் காசு" என்று ஒரு குரல் பதிவு சொன்னது. நான் கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன். குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அவருடைய சந்தா எந்த வருஷத்திலிருந்து பாக்கி என்பது பொருளாளருக்கும் தெரியும்.

கணக்கு விபரம் பொருளாளரிடம் உண்டு, கேட்பவர்களுக்குக் காட்டுவார். சுருக்கமாகச் சொன்னால், வந்த காசு வாடகை, எழுதுபொருள், சிற்றுண்டி வகையில் செலவாகி, சிறு தொகை மீதி இருக்கிறது. சிறு தொகை என்றால் உண்மையிலேயே சிறு தொகை. சந்தா வருஷத்துக்கு 1,000 ரூபாதான். இரண்டு கொத்து ரொட்டிக் காசு என்று எழுதியிருந்தேன், விலை கூடிவிட்டது என்று பொருளாளர் வெட்டச் சொன்னார்.

நூலகம் என்பது எங்கள் வீட்டு அலுமாரி. சுஜாதாவின் "என் இனிய இயந்திரா" இருக்கிறது, "மீண்டும் ஜீனோ" இல்லை. முதல் பாகம் இல்லாமல் இரண்டாம் பாகத்தை மட்டும் எடுத்துப்போய் ஒருவர் என்ன வாசிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இரவல் கொப்பியில் கையெழுத்து இருக்கிறது, பெயரைச் சொல்ல வைக்காதீர்கள்.

இசைக் கலைஞர்களுக்கும், வலை தந்த அண்ணன்மாருக்கும், புரொஜெக்டர் வாடகையில் ஒரு பகுதியைக் குறைத்த கடைக்காரருக்கும், எல்லாக் கூட்டத்துக்கும் தலைமை தாங்கிய தலைவருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

வரும் வருஷம் ஜோர்ஜ் ரொமேரோவின் திகில் படம் நைட் ஒஃப் த லிவிங் டெட், 1968, போடலாம் என்று நினைக்கிறேன். கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போய், அமெரிக்காவில் முதல் நாளிலிருந்தே பொதுச்சொத்தாகிவிட்ட படம். விண்வெளிக் கோஷ்டி முகத்தைச் சுளிக்கும். அவர்களுக்காக எம்.ஜி.ஆரின் கலை அரசி இருக்கிறது, 1963 இலேயே தமிழில் வேற்றுக்கிரகத்துக்குப் போய்விட்டார்கள், உரிமை யாரிடம் என்று விசாரிக்க ஒரு ஆள் முன்வந்தால் போதும். ஒவ்வொரு தடவையும் வாடகை கொடுப்பதைவிட ஒரு பழைய புரொஜெக்டரை வாங்கிவிடலாம். பாக்கிச் சந்தா முழுவதும் வந்தால் அதில் பாதிக்கு மேல் தேறும், மீதியை நான் எப்படியாவது பார்த்துக்கொள்வேன், அதாவது நான் செயலாளராக இருந்தால். வேறு யாராவது பொறுப்பெடுப்பதாக இருந்தால் அலுமாரிச் சாவியும் பெட்ஷீட்டும் தயார், மனவருத்தம் ஒன்றும் இல்லை.

தெரிவுக்கு முன் பொருளாளர் வாசலில் மேசை போட்டு இருப்பார். சந்தா கட்டியவர்களுக்கு ரோல்ஸும் ரீயும், மற்றவர்களுக்குப் பிளேன்ரீ.