வேலிக் கத்தாழைய பிடுங்கிடாத மாப்ள

மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ நேத்து ராத்திரி தான் முழுசா கேட்டேன், இங்க தான்சானியாவுல கொரோக்வேல ரெண்டு நாளா நல்ல மழை, டவரே இல்ல. மாமாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு கேட்டப்புறம் தான் நிம்மதி. சொட்டு மருந்த அவரா விட்டுக்க மாட்டாரு, நீ பக்கத்துல உக்காந்து விட்டுவிடு. பாப்பா மார்க்க அத்தை முந்தியே சொல்லிட்டாங்க, ரொம்ப சந்தோஷம்டா.

ஆனா கடைசில போற போக்குல ஒண்ணு சொன்ன பாரு, மேக்காட்டு வேலிக் கத்தாழைய பூராம் ஜேசிபி விட்டு தள்ளிட்டு கம்பிவேலி போடப்போறேன்னு, அதக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல.

இங்க வந்த நாள்ல இருந்து நான் பாக்குறது முழுக்க கத்தாழை தான். டாங்கா பக்கம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு வரிசை வரிசையா நிக்கும், பின்னாடி உசம்பரா மலை. இங்கத்தி ஆளுங்க ம்கோங்கேன்னு சொல்லுவாங்க, யாவாரத்துல சைசால். நம்ம ஆனைக்கத்தாழைக்கு தம்பி முறைன்னு வச்சுக்க. நம்மளதுக்கு மட்டை ஓரம் பூராம் முள்ளு, இதுக்கு நுனில மட்டும் ஊசி மாதிரி ஒண்ணு. ரெண்டுக்குமே பூர்வீகம் மெக்சிகோ தான், அங்க யுகடான்ல சைசால்னு ஒரு துறைமுகம் இருக்கு, அது வழியா ஏத்துன நாருக்கு ஊர் பேரே ஒட்டிக்கிச்சு.

இந்த நாட்டுக்கு அது வந்த கதைய கேளு. 1893ல, இது ஜெர்மன்காரங்க கையில இருந்தப்ப, ரிச்சர்ட் ஹின்டார்ஃப்னு ஒருத்தர் ஃப்ளோரிடால இருந்து ஆயிரம் கன்னு வரவழைச்சாரு, கப்பல்ல வாடி வதங்கி வந்து சேந்ததுல உயிரோட இருந்தது வெறும் 62. அந்த 62ல இருந்து பெருகுனது தான் இம்புட்டு காடும். 1964 வாக்குல வருஷத்துக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல நார் எடுத்திருக்காங்க, உலகத்துலயே அப்ப இவங்க தான் முன்னாடி. அப்புறம் பிளாஸ்டிக் கயிறு வந்துச்சு, எஸ்டேட்டையெல்லாம் அரசாங்கம் எடுத்துச்சு, வெலையும் விழுந்துச்சு, எடுக்குற நாரு பத்துல ஒரு பங்குக்கு வந்துருச்சு. இப்ப பிரேசில் தான் முதல்ல இருக்கு. இங்கயும் மறுபடி நட ஆரம்பிச்சிருக்காங்க, புதுசா நட்ட வரிசைய பாத்தா மனசுக்கு அவ்வளவு நல்லா இருக்கும்.

மட்டை வெட்டுறது காலைல வெயிலுக்கு முன்ன. நட்டு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு தான் முதல் வெட்டு, அதுவும் அடி மட்டைய மட்டும் வெட்டிட்டு மேல இருக்கறத விட்றணும், இல்லன்னா செடி சுணங்கிரும். அப்படியே மில்லுக்கு கொண்டு போயி மெஷின்ல விட்டா சதைய நசுக்கி வழிச்சு தள்ளிட்டு நாரு மட்டும் மறுபக்கம் வெள்ளையா வரும், கழுவி கம்பில காயப்போட்டா தூரத்துல இருந்து பாக்க வேட்டி காயுற மாதிரியே இருக்கும். நூறு கிலோ மட்டைக்கு நாலு கிலோ நாரு தான்டா மிஞ்சும். மிச்ச சக்கையில இருந்து கேஸ் எடுத்து கரண்ட் தயார் பண்ணலாம்னு இங்க ஹாலேன்னு ஒரு எஸ்டேட்ல செஞ்சு காட்டிருக்காங்க.

முதல் நாள் அந்த மில்லுக்குள்ள போனதும் ஒரு புளிச்ச வாசனை அடிச்சுச்சு பாரு, எனக்கு கண்ணு கலங்கிருச்சு. நம்ம தாத்தா ஊரணி ஓரத்துல மட்டைய ஊறப்போட்டு கல்லுல அடிச்சு நாரு எடுப்பாரே, அதே வாசனை. நாம கிட்ட போனா மேல பட்டா அரிக்கும்டான்னு விரட்டுவாரு, நாம கேக்காம போயி ராத்திரி பூராம் சொறிஞ்சுகிட்டு கெடப்போம். கெணத்துக்கு தாம்புக்கயிறு, மாட்டுக்கு பிடிகயிறு, கட்டிலு, பொங்கலுக்கு வெள்ளையடிக்க நசுக்குன மட்டை, எல்லாமே அந்த வேலில இருந்து தான் வந்துச்சு. ஒரு பைசா செலவில்ல, தண்ணி ஊத்துனவன் கிடையாது.

அதனால சொல்றேன், மேக்காட்டுல இருக்கறது வெறும் முள்ளுன்னு நெனைக்காத. அந்த ஓடைக்கரை மண்ணு இத்தன வருஷம் சரியாம நிக்கிறதுக்கு அந்த வேரு தான் காரணம், தள்ளிட்டேன்னா ரெண்டு ஐப்பசி தாங்காது, உன் கம்பி வேலிக் கல்லும் சேந்து ஓடைக்குள்ள போகும். கம்பம் மாதிரி தண்டு விட்டு பூத்தது இருந்தா அத வெட்டிக்க, அது ஒரு தடவை பூத்துட்டா வாழை மாதிரி அதோட முடிஞ்சுரும். ஆனா அதோட அடியில சுத்தி கன்னு வந்திருக்கும், அத பேத்து ஆடு நுழையிற சந்துல எல்லாம் நட்டு விடு. கம்பி வேணும்னா ரோட்டு பக்கம் மட்டும் போடு, அங்க நீ சொல்றது சரி தான், பைக்ல போற பிள்ளைங்க கண்ணுல குத்திரும்.

இன்னொண்ணு. மாமாவுக்கு கயிறு திரிக்கத் தெரியும். தாத்தாகிட்ட நேரா கத்துக்கிட்டதுல நம்ம தெருவுல இப்ப மிச்சம் இருக்கறது அவர் ஒருத்தர் தான்னு நெனைக்கிறேன். கண்ணு தெளிஞ்சதும் ஒரு நாலு மட்டைய வெட்டி ஊறப்போட்டு, நாரு எடுக்கறதுல இருந்து முறுக்கி முடியிற வரைக்கும் அவர உக்கார வச்சு வீடியோ எடுத்து அனுப்பு. அவர் கை எப்படி போகுதுன்னு கிட்டத்துல எடு, மூஞ்சிய மட்டும் எடுத்துட்டு வந்துராத.

ஜேசிபிக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா எவ்வளவுன்னு சொல்லு, நான் அனுப்பிடுறேன். கூப்பிடுறதுன்னா உனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல கூப்பிடு, இங்க அப்ப ஏழரை தான், ரூம்ல தான் இருப்பேன்.

உன் சேக்காளி