போர்ச் செலவை யார் கட்டுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வல்லரசுகளின் போர்கள் பற்றிச் சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உலகமே எதிர்த்தாலும் போர் தொடுக்கிற நாட்டுக்கு அது ஆதாயம்தான் என்று எழுதியிருந்தார்கள். மேலப்பாளையம் பஜாரில் என் தையல் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கும் இதே எண்ணம்தான். என் அக்கா மகன் பேப்பரைக் கொண்டுவந்து காட்டி, "லாபம் இல்லாமலா மாமா அவன் அவ்வளவு தூரம் போய் அடிக்கிறான்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இரண்டு போர்களின்போது குவைத்தில் இருந்தவன் நான்.

1990 ஆகஸ்ட் 2-ஆம் தேதி இராக் படை குவைத்துக்குள் வந்தபோது முர்காப் பகுதியில் ஒரு தையல் கடையில் எனக்கு வேலை. சில நாள் கழித்து இராக் சிப்பாய்கள் லாரியோடு எங்கள் கடைக்கு வந்தார்கள். மேசைகளைத் தொடவில்லை. தையல் மிஷின்களின் தலையை மட்டும் திருப்புளி போட்டுக் கழற்றினார்கள். பெல்ட்டை எடுக்கத் தெரியாமல் ஒருவன் இழுத்துக்கொண்டிருந்தான். மிஷின் உடைந்துவிடக் கூடாதே என்று எங்கள் கட்டிங் மாஸ்டரே போய் எடுத்துக் கொடுத்தார். பட்டன் டப்பாவைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் ஏ.சி. பெட்டிகளைச் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வருடம் ஈரானோடு சண்டை போட்டுக் கடனில் மூழ்கியிருந்தார் சதாம் உசேன். கடன் கொடுத்தவர்களில் குவைத்தும் ஒன்று. அந்த நாட்டையே எடுத்துக்கொண்டால் கடனும் தீரும், எண்ணெயும் கிடைக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு அது பலித்துவிட்டது போலத்தான் தெரிந்திருக்கும்.

நாங்கள் பாக்தாத் வழியாக பஸ்ஸில் ஜோர்டான் எல்லைக்குப் போனோம். அங்கே பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, அப்புறம் அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்து இறங்கினோம். அந்த இரண்டு மூன்று மாதங்களில் அப்படித் திரும்பிய இந்தியர்கள் சுமார் 1,70,000 பேர். நான் வந்து சேரும்வரை வீட்டில் அடுப்பு எரிந்தது என் மனைவி சுற்றிய பீடியால்தான்.

இதற்கெல்லாம் நஷ்டஈடு வாங்கித் தர ஐ.நா. 1991-ல் ஒரு ஆணையம் அமைத்தது. நம் வெளியுறவுத் துறை மூலமாக எங்களுக்கும் படிவம் வந்தது. தனி ஆளுக்கு 2,500 டாலர். வேறு எந்த இழப்பும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000 டாலர். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் பணம் வங்கிக்கு வந்தது. ஓட்டு வீட்டைப் பிரித்துக் காங்கிரீட் போட்டது அந்தப் பணத்தில்தான்.

அதைக் கொடுத்தது யார்? இராக். அதன் எண்ணெய் விற்பனைப் பணத்தில் முதலில் 30 சதவீதம், பிறகு 25, 2003-க்குப் பிறகு 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மொத்தம் 5,240 கோடி டாலர். அந்தக் கணக்கு முடிந்தது 2022-ல். போரைத் தொடங்கிய சதாம் 2006-லேயே தூக்கில் போடப்பட்டுவிட்டார். 1990-ல் பிறந்தே இராத பிள்ளைகள் வளர்ந்து, வேலை தேடுகிற வயதுக்கு வந்து, இன்னும் கட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பணம் வந்த காலத்தில் இராக்கின் மீது பொருளாதாரத் தடை. அங்கே ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை. என் வீட்டுக் கூரையில் அந்தக் குழந்தைகளின் மருந்துக் காசும் இருக்கிறது என்ற நினைப்பு இன்றுவரை எனக்குப் போகவில்லை.

இது தோற்றவன் கதை, ஜெயித்தவன் கதை வேறு என்பார்கள். சரி, அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். 1991-ல் குவைத்தை மீட்ட போருக்கு அவர்களுக்கு ஆன செலவு சுமார் 6,100 கோடி டாலர். அதில் 5,000 கோடிக்கும் மேல் சவூதியும் குவைத்தும் ஜப்பானும் ஜெர்மனியும் மற்றவர்களும் கொடுத்துவிட்டார்கள். தரைப்படைச் சண்டை 100 மணி நேரத்தில் முடிந்தது. போர் என்றால் சீக்கிரம் முடியும், செலவை அடுத்தவன் கொடுப்பான் என்ற நம்பிக்கையை இந்த ஒரு போர்தான் விதைத்தது என்று நினைக்கிறேன்.

2003-ல் அமெரிக்கா இராக் மீது படையெடுத்தபோது அப்படி யாரும் பணம் கொடுக்க வரவில்லை. போருக்கு முன்னால் அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர்வரை ஆகலாம் என்றார். அவர் வேலை கொஞ்ச நாளில் போனது. பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் 5,000 கோடிக்கும் குறைவு என்றார். 2011-ல் படை திரும்புவதற்குள் இராக்குக்காக மட்டும் ஒதுக்கிய நேரடிச் செலவே சுமார் 80,000 கோடி டாலர். வட்டியும் காயம்பட்டவர்களின் பராமரிப்பும் இதில் சேரவில்லை. போர் நடக்கும்போதே வரியைக் குறைத்தார்கள். ஆகவே செலவு முழுக்கக் கடன். 4,400-க்கும் அதிகமான அமெரிக்க வீரர்கள் செத்தார்கள், சுமார் 32,000 பேர் காயப்பட்டார்கள். எந்தப் பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டிப் போனார்களோ அவை அங்கே இல்லவே இல்லை. செத்த இராக்கியர்கள் லட்சக்கணக்கில். அவர்களை எந்த ஆதாயக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

அப்போது நான் மறுபடியும் குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம் இருந்தேன். என் அறையில் தங்கியிருந்த வள்ளியூர்க்காரர் ஒருவர் அமெரிக்க முகாம்களுக்குச் சாமான் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டினார். குடிதண்ணீர் பாட்டில், உறையவைத்த கோழி, ஐஸ்கிரீம் எல்லாம் குவைத்திலிருந்துதான் இராக்குக்குள் போகும். முன்னாலும் பின்னாலும் துப்பாக்கி பொருத்திய வண்டிகள் காவல். ஒரு தடவை திரும்பி வந்தவர், வண்டியின் முன் கண்ணாடியில் விழுந்த ஓட்டையில் தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். சாப்பிடு என்று சொன்னோம், தட்டில் கைவைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டில் தண்ணீர் பாக்தாத் போய்ச் சேர என்ன செலவாகும் என்று அன்றைக்கு எங்கள் அறையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம், ஆளுக்கொரு விடை வந்தது. அந்தத் தண்ணீரில் ஒப்பந்தக்காரருக்கு லாபம், அவருக்குக் கீழே இருந்த துணை ஒப்பந்தக்காரருக்கும் லாபம். பெரிய ஒப்பந்தங்களை வாங்கிய கே.பி.ஆர். நிறுவனம், அன்றைய துணை அதிபர் டிக் செனி 2000 வரை தலைமை வகித்த ஹாலிபர்ட்டன் நிறுவனத்தின் கிளையாக அப்போது இருந்தது. இவர்களுக்கெல்லாம் ஆதாயம் கிடைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இவர்கள் சம்பாதித்ததை நாடு சம்பாதித்ததாக எழுதுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

அதே முகாம்களில் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் பெரிய குழிகளில் போட்டு எரித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்த அமெரிக்க வீரர்களின் மருத்துவத்துக்கும் உதவித்தொகைக்கும் 2022 ஆகஸ்டில்தான் அங்கே சட்டம் வந்தது. மற்றப் போர்களில் நச்சுக்கு ஆளான வீரர்களையும் சேர்த்து, பத்து வருடத்துக்கு மதிப்பிட்ட செலவு சுமார் 28,000 கோடி டாலர். 1990 போருக்கு இராக் கட்டி முடித்த அதே வருடத்தில், 2003 போருக்கு அமெரிக்கா புதிதாக ஒரு கணக்கைத் திறக்கிறது. இது எப்போது முடியும் என்று யார் சொல்வது? 1865-ல் முடிந்த அவர்களுடைய உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ஒரு சிப்பாயின் மகள், 2020-ல் தான் இறக்கும்வரை மாதம் 73 டாலர் சொச்சம் ஓய்வூதியம் வாங்கினார்.

எண்ணெய் கிடைத்ததே என்று கேட்கலாம். 2009-ல் இராக் தன் எண்ணெய் வயல்களை ஏலம் விட்டபோது மிகப் பெரிய ருமைலா வயல் பிரிட்டனின் பி.பி.க்கும் சீன அரசு நிறுவனத்துக்கும் போனது. மேற்கு குர்னாவில் ஒரு வயலை வாங்கிய அமெரிக்காவின் எக்ஸான் மொபில் 2024-ல் வெளியேற, அந்த இடத்துக்கு வந்தது சீனாவின் பெட்ரோசைனா. அரசியல் செல்வாக்கு ஈரானுக்குப் போனது. அமெரிக்காவின் பகை நாட்டுக்கு அமெரிக்கப் பணத்தில் கிடைத்த செல்வாக்கு அது.

நம் பக்கத்திலேயே கும்பினிக்காரன், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, போர் செய்து லாபம் பார்க்கவில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டு, 1801-ல் நவாபிடமிருந்து இந்தச் சீமையையே எழுதி வாங்கினார்கள். ஆனால் வெள்ளைக்காரர்கள் சுமார் நூற்றைம்பது வருடம் இங்கேயே உட்கார்ந்து வரி வசூலித்தார்கள். அப்படியும் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி நடத்திய போர்களால் கும்பினியின் கடன் ஏறிப்போய், 1805-ல் அவரை லண்டனுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு இன்னொரு நாட்டில் போய் உட்கார்ந்து எவனும் கிஸ்தி வசூலிக்க முடியாது.

நம் நாட்டு அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987-ல் இலங்கைக்குப் போன இந்தியப் படை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1990 மார்ச்சில் திரும்பியது. அங்கே தமிழர்களும் செத்தார்கள். அதனால் இந்தியாவுக்கு இன்ன நன்மை என்று இதுவரை ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. 2003-ல் இராக்குக்குச் சுமார் 17,000 வீரர்களை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டது. போனால் ஒப்பந்தம் கிடைக்கும், எண்ணெய் கிடைக்கும் என்று இங்கேயும் சிலர் பேசினார்கள். ஜூலை 14-ஆம் தேதி வாஜ்பாய் அரசு முடியாது என்று சொல்லிவிட்டது. எங்கள் ஊரில் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடாதவர்களும் அன்று அதைப் பாராட்டினார்கள். 2017-18-ல் இந்தியாவுக்கு மிக அதிகமாகக் கச்சா எண்ணெய் விற்ற நாடு இராக். ஒரு வீரரைக்கூட அனுப்பாமல், காசு கொடுத்துக் கடையில் வாங்குவதுபோல வாங்கினோம்.

தங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இனி இப்படிக் கட்டுரை வெளியிட்டால், நாட்டுக்கு ஆதாயம் என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், அந்த நாட்டில் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு, எந்த வருடம்வரை செலவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். பேப்பரில் வருவதை அப்படியே நம்புகிற இளைஞர்கள் எங்கள் பஜாரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தையல் கடைக்காரர் ஒருவர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.