பெற்றோரை எண்ணினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் இனப்பெருக்கம் பற்றி வந்த குறிப்பைப் பத்தாவது படிக்கும் என் மகள் வெட்டி நோட்டில் ஒட்டியிருக்கிறாள். ‘ஒரே பெற்றோர் என்றால் பாலிலா இனப்பெருக்கம், இரு பெற்றோர் என்றால் பாலினப்பெருக்கம்’ என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். மனப்பாடம் செய்யச் சரி, ஆனால் இந்தக் கணக்கு எங்கள் ஏற்காட்டிலேயே உதைக்கிறது.

அரபிகா காபியைப் பாருங்கள். பூமழை, அதாவது செடியைப் பூக்கவைக்கும் கோடை மழை, பெய்து ஒரு வாரம், பத்து நாளில் கணுவுக்குக் கணு மல்லிகை மாதிரி வெள்ளை வெளேரென்று பூத்து, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய் பிடித்துவிடும். அம்மாவும் அதுவே, அப்பாவும் அதுவே. பாலிலா இனப்பெருக்கம் என்று ஒரு பிள்ளை எழுதினால் உங்கள் கட்டப்படி முழு மார்க்! ஆனால் நடப்பது வேறு. அதன் செல்லில் 44 குரோமோசோம்கள்; மகரந்தமும் அண்டமும் உருவாகும்போது மியாசிஸ், அதாவது எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு, நடந்து 22 ஆகக் குறைகின்றன, குறையும்போதே ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, அப்புறம் கருவுறும்போது மறுபடி 44. செடி ஒன்றுதான் என்றாலும் இது பாலினப்பெருக்கமே. இன்னொரு காபி வகையான ரோபஸ்டா நேர்மாறு, தன் மகரந்தத்தை ஏற்காது, வேறு செடியிலிருந்து வந்தாக வேண்டும்.

மலையிறங்கி ஆத்தூர் பக்கம் வந்தால் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. ஒரு சாண் கரணையை (தண்டிலிருந்து வெட்டிய குச்சியை) ஊன்றினால் கணுவிலிருந்து தளிரும் அடியிலிருந்து வேரும் வருவது மைட்டாசிஸால், அதாவது எண்ணிக்கை மாறாத செல் பிரிவால். 36 குரோமோசோம் 36 ஆகவே இருக்கும், தாய்ச்செடியை உரித்து வைத்த மாதிரி. (கரணையோடு தேமல் நோயும் வந்து சேர்வது விவசாயிக்குத் தெரியும், அது செல் பிரிவின் குற்றமில்லை, சாற்றில் இருக்கும் வைரஸ்.) இங்கே பலர் போட்ட எச்-226 ரகமோ திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் சேர்த்து உருவாக்கி 1971இல் வெளியிட்டது. அதாவது முதல் செடி மியாசிஸ் வழியில் விதையிலிருந்து வந்தது, அதற்குப் பிறகு வயல் வயலாகப் பரவியதெல்லாம் குச்சிதான். ஒரே பயிரில் இரண்டு பாடமும் இருக்கிறது, நீங்கள் உதாரணத்துக்கு அமீபாவையும் ஹைட்ராவையும் மட்டும் போட்டிருக்கிறீர்கள்.

எத்தனை பெற்றோர் என்று கேட்காமல் எந்தப் பிரிவு நடந்தது, ஆண், பெண் இனச்செல்கள் சேர்ந்தனவா என்று கேட்கும்படி அந்தக் கட்டத்தை அடுத்த வாரமே திருத்திப் போடுங்கள். தேர்வு நெருங்குகிறது, நோட்டில் ஒட்டியவர்கள் என் மகள் மட்டும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்